மறு: ‘ஒட்டுண்ணி மின்னிழப்பு’ – ‘வடிமின்’ எனலாமா?

வணக்கம்.

நிறுத்தி வைத்த வண்டியிலும் பேட்டரியிலிருந்து போய்க்கொண்டே இருக்கும் மின்சாரத்தை (parasitic drain) ‘ஒட்டுண்ணி மின்னிழப்பு’ என்று சொல்லலாம் என்ற யோசனைக்கு என் வாக்கு இல்லை. ஏன் என்று சொல்ல, எங்கள் பழைய டீசல் பிக்கப் கதைக்குப் போக வேண்டும்.

வியாழன் மாலை நிறுத்திய வண்டி, திங்கள் காலை செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி புதுசு. சார்ஜ் போட்டு மாட்டியதும் எலக்ட்ரீஷியன் தம்பி நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்துப் பிடித்தார். சாவி கையில், கதவெல்லாம் சாத்தியிருக்கிறது, மீட்டரோ 0.60 காட்டுகிறது. 0.05-க்குள் இருந்தால் கவலையில்லை. 0.60 என்றால் நாளுக்கு 14 ஆம்பியர்-மணி. 70 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்றரை நாளில் 50 காலி.

“அண்ணே, எங்கயோ வடியுது” என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ரேடியோ, கேபின் விளக்கு, ஹாரன், எல்லாம் போன பிறகும் மீட்டர் அசையவில்லை. வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில் கை வைக்கச் சொன்னார். இரவெல்லாம் ஓடாத வண்டியில் அது மட்டும் வெதுவெதுப்பு! பேட்டரியைத் துண்டித்து, ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றி மறுபடி பார்த்தால் 0.02. உள்ளே டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) கெட்டு, மின்சாரம் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது சொல்லுங்கள், இதில் ஒட்டுண்ணி யார்? ஒட்டுண்ணி வெளியிலிருந்து வந்து ஒட்டுவது. ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குச் சோறு போடுகிற பாகம். (பின்னால் மாட்டிய ஸ்டீரியோ, ஜிபிஎஸ் என்றால் புல்லுருவி என்றே திட்டலாம், அது வேறு.)

‘மின்கசிவு’ என் வண்டிக்குப் பொருந்தும், டயோடு கசியத்தான் செய்தது. ஆனால் டேஷ்போர்டு பெட்டிக்குள் அணையாமல் எரியும் பல்பில் கசிவு ஏது? அது ஒழுங்காக வேலை செய்கிறது, வேண்டாத நேரத்தில். போதாக்குறைக்கு, தீப்பிடித்தாலே ‘மின்கசிவு’ என்று எழுதிப் பத்திரிகைகள் அந்தச் சொல்லை ஷார்ட் சர்க்யூட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டன.

மீட்டர் காட்டுவது அளவை, காரணத்தை அல்ல. ஆகவே காரணம் சொல்லாத சொல் வேண்டும். ‘வடிமின்’ என்பேன். வினைத்தொகை, வடிந்த, வடிகிற, வடியும் மூன்றுக்கும் ஆகும். ‘வண்டியின் வடிமின் 600 மில்லிஆம்பியர்’, ‘வடிமின் சோதனையின்போது செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும்’ என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை. கழற்றி அலமாரியில் வைத்த பேட்டரி தானாக இறங்குவதற்கு ‘தன்னிறக்கம்’ இருக்கட்டும், இரண்டையும் கலக்க வேண்டாம்.

‘ஓய்வு வடிமின்’ என்று நீட்ட வேண்டுமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம். உங்கள் கருத்தை எழுதுங்கள். டயோடு பிளேட் வந்து சேரும் வரை தினமும் ராத்திரி பேட்டரி கேபிளைக் கழற்றிவைக்கப் பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு பானெட்டைத் திறந்துகொண்டிருக்கிறேன்.