கிறுக்கலிலிருந்து எழுத்துக்கு: 1 முதல் 4 வயது வரை கையும் நாக்கும்

ஒன்றரை வயதுக் குழந்தை கிரேயானை முஷ்டியில்தான் பிடிக்கும். திருத்தாதீர்கள். மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சிற்றெலும்புகளில் பெரும்பாலானவை அந்த வயதில் இன்னும் குருத்தெலும்புதான். அசைவு தோளிலிருந்து வருகிறது. அதனால் பெரிய தாள் வேண்டும். நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். தாள் நழுவினால் குழந்தைக்கு உடனே சலித்துவிடும். சுவரில், அதன் கண் உயரத்தில் ஒட்டினால் இன்னும் நல்லது: நின்று கிறுக்கும்போது மணிக்கட்டு தானாகப் பின்பக்கம் வளையும். நாளைக்குப் பென்சில் பிடிக்க அந்த வளைவுதான் உதவும்.

நாம் போடுவதைப் பார்த்துக் குழந்தை போடும் கோடுகள் வரிசையாக வரும்: 2 வயதையொட்டிச் செங்குத்துக் கோடு, அப்புறம் படுக்கைக் கோடு, 3 வயதுவாக்கில் வட்டம், 4 வயதுவாக்கில் கூட்டல் குறி. சில மாதம் முன்பின் ஆகலாம்.

*

அந்த வரிசையைப் பார்த்தாலே தெரியும், 'அ'வில் தொடங்குவது கைக்கு எவ்வளவு பாரம் என்று. சுழி, வளைவு, நேர்கோடு எல்லாம் அந்த ஒரே எழுத்தில். வாயால் 'அ' சொல்லட்டும். கை 'ட'வில் தொடங்கட்டும். மேலிருந்து கீழே, அங்கிருந்து வலப்பக்கம், முடிந்தது. பிறகு 'ப', அது பழகியதும் 'ம'. முதலில் மணல் தட்டில் விரலால். மணல் அரை சென்டிமீட்டர் போதும். ஆழமாக இருந்தால் கோடு சரிந்து மூடிக்கொள்ளும்.

*

கிரேயானை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டாக உடைத்துக் கொடுத்தால் முஷ்டிக்குப் பிடி கிடைக்காது, விரல் நுனிகள் தானே சேரும். நல்ல வழிதான், ஆனால் 3 வயதுக்குமேல் மட்டும். அதற்குக் கீழே துண்டு தொண்டையில் அடைக்கும். சின்னப் பிள்ளைக்குத் தடித்த முழு கிரேயான், பக்கத்தில் பெரியவர் ஒருவர்.

*

கையைப் பற்றியே பேசுகிறோம், பேச்சையும் சேர்க்க வேண்டும். "பந்து" என்று குழந்தை சொன்னால் "ஆமா, பந்து உருண்டு ஓடுது" என்று ஒன்றிரண்டு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். பெரும்பாலும் நாமே அவசரப்பட்டுப் பதிலையும் சொல்லிவிடுகிறோம். 'ழ', 'ற' பிசகினால் "தப்பு" என்னாமல் அதே சொல்லைச் சரியாக நீங்கள் ஒருமுறை சொன்னால் போதும். அந்த ஒலிகள் கடைசியில்தான் வரும்.

*

கிறுக்கி முடித்ததும் "இது என்ன?" என்பதைவிட "இதைப் பத்திச் சொல்லு" என்று கேளுங்கள். சொல்வதைக் குழந்தை பார்க்க, படத்தின் கீழே எழுதி, விரல் வைத்துப் படித்துக் காட்டுங்கள். "நாய் ஓடுச்சு" என்றால் "ஓடுச்சு" என்றே எழுதுங்கள். "ஓடியது" என்று மாற்றினால், தான் சொன்னதுதான் அந்த எழுத்துகளாக ஆகியிருக்கிறது என்பது அதற்குப் பிடிபடாது.