இங்கிலாந்து ஃபுட்பால்ல எஃப்ஏ கப் ஜெயிச்சவங்க லீக்லயும் டாப் 4ல வந்தா அந்த யூரோப்பா லீக் இடம் யாருக்கு?

மக்களே ஒரு டவுட்டு, தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. 2024-25 சீசன்ல டாட்டன்ஹாம் பிரீமியர் லீக்ல 17வது இடம், ஆனா யூரோப்பா லீக் (ஐரோப்பிய கிளப் போட்டிகள்ல சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்தது) ஃபைனல்ல மான்செஸ்டர் யுனைடெட்ட 1-0ன்னு அடிச்சதால நேரா சாம்பியன்ஸ் லீக்குக்கே போயிட்டாங்க, அது வரைக்கும் புரியுது. எஃப்ஏ கப் ஜெயிச்சு யூரோப்பா இடம் வாங்கின கிரிஸ்டல் பேலஸ மட்டும் அதுக்கும் கீழ இருக்கிற கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறக்கிட்டாங்க, யூரோப்பாவுக்கு வந்த ரெண்டு டீம்லயும் ஒரே ஆளுக்குப் பங்கு இருந்துச்சுன்னு (இன்னொன்னு பிரான்ஸோட லியோன்), பாவம் ஃபேன்ஸ். லீக்ல 7வதா வந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு அந்த யூரோப்பா இடம் கிடைச்சுது, அடிச்சது லக்கு! சரி என் கேள்வி இதான், கப் ஜெயிக்கிற டீம் லீக்லயே டாப் 4ல வந்துட்டா அந்த யூரோப்பா இடம் ஃபைனல்ல தோத்தவங்களுக்கா, இல்ல லீக்ல அடுத்து இருக்கிறவங்களுக்கா? 2014ல ஆர்சனல்கிட்ட தோத்த ஹல் சிட்டி அப்படித்தான போனாங்க, அந்த ரூல் இப்பவும் இருக்கா?