இரண்டாம் உலக யுத்த காலத்தில் இளம்பெண்ணாக இருந்தவர்கள் உங்களிடம் சொன்னது என்ன?

திருப்பாப்புலியூர்க்காரி:
1942-இல் எங்கள் ஆயாவுக்கு 16 வயது. ஜப்பான்காரன் வருகிறான் என்று அந்த ஏப்ரலில் சென்னையே காலியானதே, அப்போது ஒரு குடும்பம் கடலூரில் ஆயா வீட்டுப் பின்கட்டில் வந்து தங்கியது. அந்த வீட்டுப் பெண்ணுக்கும் ஆயா வயதுதான். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து சுதேசமித்திரனை உரக்கப் படிப்பாளாம். ரங்கூன் போனதோடு பர்மா அரிசியும் போச்சு என்று பேச்சு வர, ஆயாவின் அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாராம். மறுநாள் ஆயா அதே பேப்பரை எடுத்ததும் பிடுங்கிவிட்டார். "உனக்கு எதுக்கு இது? போய் அரிசியில கல்லு பொறுக்கு." 80 தாண்டியும் அந்தக் கோபம் ஆயாவுக்கு ஆறவில்லை. "பேப்பர் படிச்சுக் காட்டுடி" என்று என்னைக் கேட்டபோதெல்லாம் தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஓடியிருக்கிறேன். அதுதான் உறுத்துகிறது.

வில்லியனூர் மருமகள்:
என் மாமியாரின் அம்மா சொல்தா வீட்டுப் பெண், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக் குடும்பம். அப்பாவுக்கு அன்று பிரெஞ்சுக்காரர் ஆண்ட வியட்நாமின் சைகோனில் வேலை. 1940 செப்டம்பரில் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் போன்வேன், ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த தெ கோல் பக்கம் சேர்ந்தார். சைகோன், ஜெர்மனியோடு சமாதானம் செய்துகொண்ட விஷி பிரெஞ்சு அரசின் பக்கமே நின்றது. ஊரெல்லாம் தெ கோல் பேச்சு, இவர்கள் வீட்டில் பணம் வருமா என்ற பேச்சு. ஒருநாள் கடிதம் போடப் போனால், சைகோனுக்கு எடுப்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவிடம் "போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, தபால்தலைக் காசைத் தாவணி முந்தானையில் முடிந்துகொண்டாராம். படுத்தால் அந்த முடிச்சு குத்துமாம். இங்கேதான் என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

முதுநகர் அண்ணன்:
முதலில் எழுதிய தங்கச்சி, கடலூர்ப் பெண்களுக்கு அரசியலே தெரியாத மாதிரி எழுதாதீர்கள். நம்மூர் அஞ்சலையம்மாள் 1927-இலேயே, சென்னையில் வெள்ளைக்கார அதிகாரி நீலின் சிலையை அகற்றச் சொன்ன நீலன் சிலைப் போராட்டத்தில் மகளோடு சிறைக்குப் போனவர், 1937-இல் சட்டசபைக்கும் போனவர். என் பெரியம்மா மண்ணெண்ணெய் வரிசையில் மயங்கி விழுந்தார், என் கதை அவ்வளவுதான். ஆனால் ஒன்று. வீட்டில் 90 வயதில் யாராவது இருந்தால் இன்றே உட்காருங்கள். "யுத்தம் எப்படி இருந்துச்சு" என்று கேட்டால் "கஷ்டம்தான்" என்று முடித்துவிடுவார்கள். படி அரிசி என்ன விலை, யார் வீட்டில் ரேடியோ இருந்தது, தண்ணிக்கு எங்கே போனீங்க என்று கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். முக்கியமாக, மகன்கள் பக்கத்தில் இல்லாத நேரம் பாருங்கள். அப்போதுதான் பேசுவார்கள்.

திருப்பாப்புலியூர்க்காரி:
அண்ணே, அஞ்சலையம்மாள் பேச்சை எடுத்தால் ஆயா ஒன்றுதான் சொல்வார்: "அவங்க கையிலேர்ந்து யாரும் பேப்பரைப் பிடுங்கலை போல."