ரைன்ஹார்ட் கோபெல்: கை மாற்றினார், சரி; கட்சியும் மாறினாரா?

மேலவீதி:
1973-ல் மூசிகா ஆன்டிகுவா கோல்ன் என்ற பராக் (17-18-ம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை) குழுவைத் தொடங்கி, வயலினும் வாசித்து, முப்பது வருடத்துக்கு மேல் நடத்தியவர் கோபெல். ஆட்டுக்குடல் தந்தி, பழைய வில், இன்றைய 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் சற்றுத் தாழ்ந்த 415 ஹெர்ட்ஸ் சுருதி என்று ஒரு தலைமுறைக்கே பிடிவாதம் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆள். 2018-லிருந்து பெர்லின் பராக் சோலிஸ்டன் குழுவுக்குத் தலைமை. அவர்கள் வாசிப்பதோ இக்காலக் கருவிகள்! இதுக்குப் பெயர் என்ன?

சுருதிப்பெட்டி:
பெயர் பிழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன் சார். 1990 வாக்கில் அவர் இடது கை விரல்கள் சொன்னபடி கேட்காமல் போயின. டிஸ்டோனியா, தசைகள் தாமாகவே இழுத்துக்கொள்ளும் நோய். மனுஷன் என்ன செய்தார்? வில்லை இடது கைக்கு மாற்றி, முதலிலிருந்து கற்றார்.

குதிரைமேல்தந்தி:
நான் பத்து வருடம் வயலின் படித்தவன். நேற்று வில்லை இடது கையில் பிடித்து, விரலே வைக்காமல் ஒரு தந்தியை இழுத்துப் பார்த்தேன். வில் நேராகப் போகவில்லை, தந்தியைத் தாங்கும் குதிரைக்கட்டை மேலேயே ஏறிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்தக் கையோடு மேடை ஏறுவதாவது!

மேலவீதி:
கை விஷயத்தில் கும்பிடு போடுகிறேன். பிறகு வயலினையே கீழே வைக்க நேர்ந்ததும் தெரியும். ஆனால் கையை நோய் எடுத்துக்கொண்டது. கொள்கையை யார் எடுத்தார்கள்? நடத்துபவருக்கு விரல் வலிக்காதே. பழைய கருவிக் குழுக்களையே நடத்தியிருக்கலாம்.

சுருதிப்பெட்டி:
அவர் கொள்கை தந்தியில் இருந்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அது பழைய இசை ஏடுகளைத் தேடிப் படிப்பதில் இருந்ததாகத் தோன்றுகிறது. டிரெஸ்டனில் தூங்கிக்கொண்டிருந்த பராக் இசையமைப்பாளர் ஹைனிஷனின் கான்செர்ட்டோ இசைப்படைப்புகளைத் தட்டி எழுப்பியது யார்? 2010-ல் சால்ஸ்பர்க் மொசார்ட்டியம் இசைப் பல்கலைக்கழகத்தில், பழைய கருவி இயக்கத்தின் முன்னோடி ஹார்னன்கூர்ட்டுக்குப் பின் அந்தப் பேராசிரியர் இடத்தில் அமர்ந்ததும் இவர்தான்.

குதிரைமேல்தந்தி:
இசையமைப்பாளர் பாக்கின் ஆறு பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்களை 80-களில் கோல்ன் குழுவோடு ஒருமுறை பதிவு செய்தார், பெர்லின் குழுவோடு மறுபடியும். பழைய பதிவில் மூன்றாவதைக் கேளுங்கள், பின்னால் நாய் துரத்துகிற மாதிரி ஓட்டம். புதியதையும் போட்டுப் பார்த்துவிட்டுச் சண்டை போடுவோம்.

மேலவீதி:
போட்டேன். வேகம் அவருடையதேதான், மறுக்கவில்லை. தந்திதான் வழவழவென்று இருக்கிறது. எனக்கு அந்தச் சொரசொரப்பு வேண்டும் ஐயா.