நம் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ பாதி தாவும் டி.என்.ஏ. என்றால், அது ஏன் அங்கே இருக்கிறது?

உயிரியல்_ஆசிரியர்

மேல்நிலை வகுப்பில் மனித மரபணுத்தொகுதியை நடத்தும்போது, புரதங்களுக்கான குறியீடு அதில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் டி.என்.ஏ.வும் அதன் எச்சங்களும் ஏறத்தாழ 45 விழுக்காடு என்றும் சொன்னேன். அது பயனற்றது என்றால் இயற்கைத் தேர்வு இத்தனை கோடி ஆண்டுகளில் ஏன் நீக்கவில்லை என்று ஒரு மாணவி கேட்டாள். பரிணாமத்துக்குத் தேவையான மாற்றங்களை உண்டாக்கவே செல் இவற்றை வைத்திருக்கிறது என்று சில காணொளிகளில் விளக்குகிறார்கள். என்றோ உதவும் என்பதற்காக இயற்கைத் தேர்வு ஒன்றை இன்று சேமித்து வைக்குமா என்ற ஐயம் எனக்கு இருப்பதால், அந்த விளக்கத்தை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. துறை சார்ந்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

நெல்வயல்

உங்கள் ஐயம் சரியானதே, ஐயா. ஒரு டி.என்.ஏ. துண்டு நிலைத்திருப்பதற்கு, அது தங்கியிருக்கும் உயிருக்குப் பயன்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அழியும் வேகத்தைவிட விரைவாகத் தன்னை நகலெடுத்துக்கொண்டால் போதும். 1980ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் டூலிட்டில், சப்பியன்சா இருவரும், ஆர்கல், கிரிக் இருவரும் தனித்தனியே எழுதிய கட்டுரைகள் இந்தக் கருத்தைத்தான் முன்வைத்தன.

நம்மிடம் உள்ள எல்1 என்ற தாவும் கூறு இதற்கு நல்ல சான்று. முழு வடிவில் சுமார் 6,000 காரஇணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளமுள்ள அது, தன் ஆர்.என்.ஏ. நகலை மீண்டும் டி.என்.ஏ.வாக மாற்றி வேறோர் இடத்தில் செருகுவதற்கான நொதியைத் தானே குறியீடாகச் சுமக்கிறது. பழைய பிரதி இருந்த இடத்திலேயே இருக்க, புதியது ஒன்று கூடுகிறது. இப்படிப் பெருகியதில் இன்று சுமார் 5 லட்சம் பிரதிகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை துண்டிக்கப்பட்டும் சிதைந்தும் போனவை, நகரும் திறனுள்ளவை நூறளவில்தான் இருக்கும். ஆலு என்ற மற்றொரு கூறு 300 காரஇணைகளே கொண்டது. தனக்கென ஒரு புரதமும் இல்லாத அது, எல்1 உருவாக்கும் நொதியைப் பயன்படுத்திக்கொண்டே 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் பெருகியிருக்கிறது. ஒட்டுண்ணியின் மேல் வாழும் ஒட்டுண்ணி என்று இதைச் சொல்வது மிகையாகாது.

இயற்கைத் தேர்வு ஏன் நீக்கவில்லை என்ற கேள்விக்கான விடையில் இனத்தொகையின் அளவுக்கு முக்கிய இடம் உண்டு. பெரும்பாலான செருகல்கள் விளைவிக்கும் தீங்கு மிகச் சிறியது. இனத்தொகை சிறிதாக இருக்கும்போது அவ்வளவு நுண்ணிய தீங்கைத் தேர்வால் களைய முடிவதில்லை, ஒரு பிரதி நிலைப்பதும் மறைவதும் பெரும்பாலும் தற்செயலாகவே நிகழ்கின்றன.

நெல் ஆராய்ச்சியில் இருப்பதால் இதையும் சேர்க்கிறேன். ஒரைசா ஆஸ்திரேலியென்சிஸ் என்ற காட்டு நெல்லில், மூன்றே வகைத் தாவும் கூறுகள் கடந்த 30 லட்சம் ஆண்டுகளில் பெருகியதால் மரபணுத்தொகுதியின் அளவு ஏறத்தாழ இரட்டித்தது. ஆனாலும் அந்தச் செடி மற்ற நெல்லினங்களைவிட இரு மடங்கு சிக்கலானதாகிவிடவில்லை. பார்பரா மெக்ளின்டாக் 1940களில் தாவும் கூறுகளை முதன்முதலில் கண்டறிந்த மக்காச்சோளத்தில், மரபணுத்தொகுதியில் சுமார் 85 விழுக்காடு இவையே.

மரபியல்_மாணவி

வகுப்பில் நடத்துவதற்கு, நீங்கள் ஏற்கெனவே கற்பிக்கும் இரண்டு எடுத்துக்காட்டுகளே உதவும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, மெண்டலின் சுருங்கிய பட்டாணி. ஸ்டார்ச்சைக் கிளைக்கச் செய்யும் நொதிக்கான மரபணுவுக்குள் சுமார் 800 காரஇணைகள் கொண்ட ஒரு துண்டு செருகப்பட்டு அந்த மரபணு செயலிழந்ததே சுருக்கத்துக்குக் காரணம் என்று 1990ஆம் ஆண்டில் தெரியவந்தது. அந்தத் துண்டு மெக்ளின்டாக் மக்காச்சோளத்தில் கண்ட கூறுகளின் குடும்பத்தை ஒத்திருக்கிறது. ஸ்டார்ச் குறைந்து சர்க்கரை மிகுவதால் இளம் விதை அதிக நீரை ஈர்த்துப் பருக்கிறது. காயும்போது அந்த நீர் வெளியேறி விதைத்தோல் சுருங்குகிறது. மரபியலின் அடித்தளமாக அமைந்த அந்தச் சோதனையிலேயே ஒரு தாவும் கூறின் தடம் இருந்திருக்கிறது என்பதை மாணவர்களிடம் அவசியம் சொல்லுங்கள்.

இரண்டாவது, இங்கிலாந்தின் கரிய அந்துப்பூச்சி. கோர்டெக்ஸ் என்ற மரபணுவின் முதல் இன்ட்ரானுக்குள் (புரதக் குறியீடு இல்லாத இடைப்பகுதிக்குள்) சுமார் 22,000 காரஇணைகள் நீளமுள்ள ஒரு தாவும் கூறு புகுந்ததால்தான் அதன் இறக்கைகள் கறுத்தன என்று 2016ஆம் ஆண்டில் நிறுவினார்கள். அந்தச் செருகல் 1819ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் கணிப்பு. மான்செஸ்டரில் கரிய பூச்சி பதிவானது 1848ஆம் ஆண்டில். மரங்களில் கரி படிந்திருப்பதை அறிந்து அந்தக் கூறு தாவவில்லை. எங்கோ ஒரு பூச்சியில் அது தாவிய பிறகு, கரி படிந்த மரங்களில் பறவைகளின் கண்ணுக்குத் தப்பியதால் அந்தப் பூச்சியின் வழித்தோன்றல்கள் பெருகின.

உயிரியல்_ஆசிரியர்

இருவருக்கும் மிக்க நன்றி. பட்டாணியைப் பற்றிய செய்தி எனக்குப் புதிது. செல் இவற்றைத் தடுக்க எதுவும் செய்வதில்லையா? மனிதர்களில் இவை இன்றும் நகர்கின்றனவா?

நெல்வயல்

நகர்கின்றன. 1988ஆம் ஆண்டில், இரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் 240 பேரை ஆராய்ந்தபோது, இருவரின் எட்டாம் உறைதல் காரணிக்கான மரபணுவில் எல்1 துண்டு புதிதாகச் செருகப்பட்டிருந்தது. அவர்களுடைய பெற்றோரிடம் அது இல்லை.

தடுப்பும் உண்டு. செல் இவற்றின் மீது மெத்தில் என்னும் சிறு வேதிக் குறிகளை இட்டு அடக்குகிறது; இனப்பெருக்கச் செல்களில் பை-ஆர்.என்.ஏ. என்னும் சிறு ஆர்.என்.ஏ.க்கள் இவற்றின் வரிசையை அடையாளம் கண்டு செயலிழக்கச் செய்கின்றன. டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்ற பழ ஈயில் இந்தப் போராட்டம் அண்மைக் காலத்தில் நடந்தது. பி-கூறு என்பது வேறோர் ஈ இனத்திலிருந்து 20ஆம் நூற்றாண்டில் இதற்குள் புகுந்து, சில பத்தாண்டுகளில் உலகெங்கும் பரவிவிட்டது. அதற்கு முன்பே பிடித்து ஆய்வகங்களில் வளர்க்கப்பட்ட ஈக்களில் மட்டும் அது இல்லை. அந்த ஆய்வகப் பெண் ஈக்களைக் காட்டிலுள்ள ஆண் ஈக்களோடு சேர்த்தால், தாயிடமிருந்து தடுப்பு ஆர்.என்.ஏ. கிடைக்காததால் பிறக்கும் குஞ்சுகள் மலடாகிப் போகின்றன.

வெள்ளணு

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் பயன் அறவே இல்லை என்ற எண்ணத்தோடு அந்த மாணவி நின்றுவிடக் கூடாது. பயனுக்காக இவை வைக்கப்படவில்லை என்பதும், இருந்தவற்றில் சில பிற்பாடு பயனுக்கு வந்தன என்பதும் ஒன்றோடொன்று முரண்படுவதில்லை.

நம் லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள், கிருமிகளை எதிர்க்கும் புரதங்களான எதிர்ப்பொருள்களின் மரபணுக்களின் துண்டுகளை வெட்டிப் பல விதமாக ஒட்டுவதால்தான் எண்ணற்ற வகை எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. அந்த வெட்டும் வேலையைச் செய்யும் ராக்1, ராக்2 புரதங்கள் ஒரு பழைய தாவும் கூறின் நொதியிலிருந்து வந்தவை. அவை வெட்டும் இடத்தைக் காட்டும் வரிசைகள் தாவும் கூறின் இரு முனைகளிலும் இருக்கும் வரிசைகளை ஒத்திருப்பதால் இந்த ஐயம் நெடுநாளாக இருந்தது. முதுகெலும்பிகளுக்கு நெருங்கிய உறவான ஆம்ஃபியாக்சஸில் ராக் மரபணுக்களைச் சுமந்தபடி இன்றும் தாவும் திறனுள்ள ஒரு கூறை 2016ஆம் ஆண்டில் கண்டறிந்த பிறகு அது உறுதிப்பட்டது. நஞ்சுக்கொடியில் செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் சின்சிட்டின் புரதமும், தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி நம் மரபணுத்தொகுதியில் செருகும் வகை வைரஸான பழைய ரெட்ரோவைரஸ் ஒன்றின் உறைப் புரதம்தான்.

இவ்வாறு வேலைக்கு அமர்ந்தவை லட்சக்கணக்கான பிரதிகளில் மிகச் சிலவே. மற்றவை சடுதி மாற்றங்களால் சிதைந்து, அடையாளம் தெரியாத வரிசைகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. ஆகவே வகுப்பில் எல்1 பெருகும் முறையை முதலிலும், ராக் மரபணுக்களை அதன் பிறகும் நடத்தினால், எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்ற குழப்பம் மாணவர்களுக்கு ஏற்படாது.