அம்மாவுடன் வாடகைக் காரில் ஜோகூர் பாரு: "நண்பர் என்று சொல்லிவிடுங்கள்" என்கிறார் ஓட்டுநர், என்ன செய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் அனுமதியில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன். மனைவியும் நான்கு வயது மகளும் டிபென்டன்ட் பாஸ் என்னும் குடும்ப அனுமதியில் என்னுடன் இருக்கிறார்கள். 68 வயதான என் அம்மா சென்ற மாதம் 27-ஆம் தேதி தஞ்சாவூரிலிருந்து வருகையாளர் விசாவில் வந்திருக்கிறார். இம்மாதம் 25-ஆம் தேதி ஊர் திரும்புகிறார். எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர் பாருவில் உள்ள ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மூட்டுவலி காரணமாக அவரால் நீண்ட நேரம் வரிசையில் நிற்க முடியாது என்பதால், பேருந்தை விட்டுவிட்டு, வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டு கோயில் வாசலில் இறக்கிவிடும் காரை ஒரு குறுஞ்செய்திக் குழு மூலம் பேசியிருக்கிறேன். 14-ஆம் தேதி சனிக்கிழமை காலை புறப்பட்டு, இரவு அங்கே தங்கி, 15-ஆம் தேதி ஞாயிறு மாலை திரும்புவதாகத் திட்டம். முன்பணமும் கொடுத்துவிட்டேன்.

நேற்று அந்த ஓட்டுநர், வண்டி மலேசியப் பதிவெண் கொண்ட சொந்தக் கார் என்றும், சோதனைச்சாவடியில் யாராவது கேட்டால் "இவர் எங்கள் குடும்ப நண்பர்" என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்றும் செய்தி அனுப்பியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து மனம் ஒப்பவில்லை. இப்படிப் போவது வழக்கந்தானா, அல்லது நான் விலகிக்கொள்ள வேண்டுமா? காரிலேயே அமர்ந்தபடி எல்லையைக் கடக்கும்போது என்னென்ன தாள்கள் தேவைப்படும் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (உட்லண்ட்ஸில் வசிப்பவர்)

விலகிக்கொள்ளுங்கள். வாடகை வாங்கிக்கொண்டு பயணிகளை எல்லை தாண்டி ஏற்றிச் செல்லும் வெளிநாட்டு வண்டிக்குப் பொதுச் சேவை வாகன உரிமம் இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூரின் சட்டம். அது இல்லாமல் ஓட்டுபவருக்கு 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம், வண்டியும் பறிமுதலாகலாம். 2025 ஜூலையிலிருந்து நிலப் போக்குவரத்து ஆணையம் இந்த வண்டிகளைத் தேடித் தேடிப் பிடித்து வருகிறது. தண்டனை ஓட்டுநருக்குத்தானே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் வண்டியை நிறுத்திவிட்டால் மூட்டுவலியுள்ள அம்மாவையும் சிறு குழந்தையையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு சாலையோரத்தில் நிற்கப்போவது நீங்கள்தான். சொந்தப் பயன்பாட்டுக்கென்று காப்பீடு செய்த வண்டியை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், காப்பீடு உங்களுக்குக் கைகொடுக்காமல் போகவும் வாய்ப்பிருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது அந்த "நண்பர்" என்ற சொல். குடிநுழைவு அலுவலரிடம் பொய் சொல்வது தனிக் குற்றம். நீங்களோ வேலை அனுமதியில் இருப்பவர். முப்பது, நாற்பது வெள்ளி மிச்சம் பிடிப்பதற்காக அந்தப் பொய்யை உங்கள் அம்மாவின் வாயில் வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் உடனே பாருங்கள். அம்மாவின் சிங்கப்பூர் விசாத் தாளில் எத்தனை முறை நுழையலாம் என்றும், எந்தத் தேதி வரை நுழையலாம் என்றும் அச்சிட்டிருக்கும். இரண்டையும் இங்கே எழுதுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி, அக்கா. விசாத் தாளை எடுத்துப் பார்த்தேன். பலமுறை நுழையலாம் என்று இருக்கிறது. செல்லுபடியாகும் கடைசி நாள் இம்மாதம் 13. ஆனால் அம்மா வந்தபோது மின்னஞ்சலில் வந்த இ-பாஸில் 26-ஆம் தேதி வரை தங்கலாம் என்று இருக்கிறதே. அப்படியானால் 15-ஆம் தேதி திரும்புவதில் சிக்கல் இல்லை அல்லவா?

மறுமொழி 1 (உட்லண்ட்ஸில் வசிப்பவர்)

சிக்கல் இருக்கிறது. நல்லவேளை, இப்போதே பார்த்தீர்கள். விசா என்பது உள்ளே நுழைவதற்கான அனுமதி. இ-பாஸ் என்பது நுழைந்த பிறகு தங்குவதற்கான அனுமதி. உங்கள் அம்மா சிங்கப்பூரை விட்டு வெளியே போகாமல் இருக்கும்வரை விசா 13-ஆம் தேதி முடிந்தாலும் கவலையில்லை, 26 வரை இருக்கலாம். ஜோகூர் பாருவுக்குச் செல்லும் கடற்பாலத்தைத் தாண்டிய கணத்தில் அந்த இ-பாஸ் முடிந்துவிடுகிறது. திரும்பி வருவது புதிய நுழைவு. 15-ஆம் தேதி வந்தால் கையில் உயிருள்ள விசா இருக்காது. சிங்கப்பூருக்குள் விட மாட்டார்கள், ஊருக்குச் செல்லும் விமானமோ சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலம்தானே, ஒரு நாள் போய்வருவதுதானே என்ற நினைப்பில் இதைப் பலர் கவனிப்பதில்லை. உங்களுக்கும் மனைவிக்கும் மகளுக்கும் நீண்டகால அனுமதி இருப்பதால் இந்தக் கேள்வியே எழாது. அம்மாவுக்கு மட்டுமே எழும்.

13-ஆம் தேதிக்கு முன்னால், ஒன்றிரண்டு நாள் இடைவெளி விட்டு, போய்த் திரும்பிவிடுங்கள். மறுபடி நுழையும்போது எத்தனை நாள் தருவது என்பது அலுவலரின் முடிவு என்பதால், 25-ஆம் தேதி விமானச் சீட்டின் அச்சுப்படியை அம்மாவின் கைப்பையில் வைத்துவிடுங்கள்.

மறுமொழி 2 (முன்பு எல்லை டாக்சி ஓட்டியவர்)

தம்பி, நான் உரிமம் பெற்ற எல்லை டாக்சியைப் பல ஆண்டுகள் ஓட்டி ஓய்வு பெற்றவன். இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட டாக்சித் திட்டம் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் பான் சான் ஸ்திரீட் நிலையத்திலிருந்து ஜோகூர் பாருவின் லார்கின் சென்ட்ரல் வரை அந்த டாக்சிகள் ஓடுகின்றன. நீங்கள் நால்வர், குழந்தையையும் சேர்த்து. ஒரு வண்டியில் அடங்கிவிடுவீர்கள். கட்டணத்தையும், எங்கே ஏற்றி எங்கே இறக்குவார்கள் என்பதையும் முன்பதிவின்போதே பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். லார்கினிலிருந்து கோயிலுக்கு உள்ளூர் வாடகைக் கார் எடுத்தால் போதும். மலேசியாவில் உரிமம் பெற்ற உள்ளூர் வண்டி மலேசியாவுக்குள் ஓடுவதில் தடையில்லை. எல்லையைத் தாண்டும் அந்தத் துண்டுக்குத்தான் சிங்கப்பூரின் இந்த உரிமம் வேண்டும்.

காரில் கடப்பது எப்படி என்று கேட்டீர்கள். சிங்கப்பூர்ப் பக்கம் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் யாரும் இறங்க வேண்டியதில்லை. 2024 மார்ச்சிலிருந்து காரில் வருபவர்கள் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) கொடுக்காமலே கியூஆர் குறியீட்டைக் காட்டிப் போகலாம். சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையமான ஐசிஏவின் மை ஐசிஏ செயலியில் நால்வரின் கடப்பிதழ் விவரங்களையும் ஏற்றி, ஒரே குழுக் குறியீடாக வீட்டிலேயே உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் வரை ஒரு குறியீட்டில் சேர்க்கலாம். அம்மா இதே கடப்பிதழில் ஏற்கெனவே சிங்கப்பூருக்குள் வந்திருப்பதால் அவரையும் சேர்க்க முடியும். முதல்முறை வருபவர்களும் கடப்பிதழை மாற்றியவர்களும்தான் இதழையே காட்ட வேண்டும். ஓட்டுநர் தம்முடைய குறியீட்டைத் தனியே காட்டிக்கொள்வார். கடப்பிதழ்களை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள், பாலத்துக்கு அந்தப் பக்கம் அவை கட்டாயம் வேண்டும். குறியீடு இருக்கிறதே என்ற தெம்பில் அப்படி வந்து, சாவடிக்கு அருகில் நினைவுக்கு வந்து, வீட்டுக்குத் திரும்பிய குடும்பங்களை நான் ஏற்றியிருக்கிறேன்.

மலேசியப் பக்கம் சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் கார்த் தடத்திலேயே குடிநுழைவு முகப்பு இருக்கும். அங்கே கடப்பிதழ்களைத் திறந்து கொடுக்க வேண்டும். கைரேகை பதிவதற்காக அலுவலர் இறங்கச் சொன்னால் தயங்காமல் இறங்குங்கள், ஓட்டுநர் காத்திருப்பார். இந்தியக் கடப்பிதழுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்ற சலுகை 2026 டிசம்பர் 31 வரை இருக்கிறது. ஆனால் எம்டிஏசி என்னும் மலேசிய மின்வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நால்வருக்கும் தனித்தனியே நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது வேண்டியதில்லை என்பதால், "எனக்கு யாரும் கேட்கவில்லையே" என்று சிங்கப்பூர் நண்பர்கள் சொல்வதைக் கேட்டு நீங்கள் விட்டுவிட வேண்டாம். திரும்பும்போது அம்மாவுக்கு மட்டும் சிங்கப்பூரின் எஸ்ஜி வருகை அட்டை வேண்டும், சாங்கியில் வந்தபோது நிரப்பியது இதற்குப் பயன்படாது. இரண்டு அட்டைகளுமே இலவசம். பணம் கேட்கும் இணையப் பக்கம் எதுவாயினும் மூடிவிடுங்கள்.

வேலை நாளில் போக முடியுமானால் அம்மாவுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அதுவே. வெள்ளி மாலையும் சனி காலையும் சிங்கப்பூரிலிருந்து போகும் பக்கம் அடைந்துவிடும், ஞாயிறு மாலை வரும் பக்கம் அடைந்துவிடும். பாலத்தின் நடுவே வண்டி நின்றுவிட்டால் கழிப்பறைக்கு வழியில்லை, இறங்கி நடக்கவும் கூடாது. சர்க்கரை நோயும் மூட்டுவலியும் உள்ள பெரியவர்கள் அந்த நெரிசலில் தண்ணீரே குடிக்காமல், காலை நீட்டவும் முடியாமல் பட்ட பாட்டைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். அதனால் சொல்கிறேன். அம்மாவை முன் இருக்கையில் அமர வையுங்கள். மருந்துகளைப் பின்பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மறுமொழி 3

மேலே சொன்னவற்றோடு என் அனுபவம் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சென்ற ஆண்டு என் மாமியாரை ஒரு வாடகைக் காரில் அழைத்துச் சென்றேன். எங்கள் ஐந்து கடப்பிதழ்களையும் ஓட்டுநரே வாங்கி முகப்பில் கொடுத்தார், திரும்ப வாங்கினார், பின்னால் வண்டிகள் ஒலியெழுப்பிய அவசரத்தில் ஓட்டிச் சென்றுவிட்டார். மாமியாரின் கடப்பிதழில் மட்டும் மலேசிய நுழைவு முத்திரை விழவில்லை என்பது மறுநாள் திரும்பும்போதுதான் தெரிந்தது. சட்டப்படி நுழைந்தவர்தான் என்று மெய்ப்பிக்கும்வரை அவரை ஒன்றரை மணி நேரம் அலுவலக அறையில் உட்கார வைத்திருந்தார்கள். மொழி தெரியாத இடத்தில் அவர் பயந்துபோய் அழுத முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எந்த ஓட்டுநராக இருந்தாலும், முகப்பைவிட்டு நகரும் முன் கடப்பிதழ்களை உங்கள் கையில் வாங்கி, ஒவ்வொன்றிலும் பெயரையும் முத்திரையையும் தேதியையும் பார்த்துவிட்டு, "போகலாம்" என்று நீங்கள் சொல்லுங்கள். பின்னால் இருப்பவர் ஒலியெழுப்பினால் எழுப்பட்டும்.

மறுமொழி 4

நிலையப் படிகளையும் மின்தூக்கியையும் அம்மாவால் சமாளிக்க முடியுமென்றால், உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாரு சென்ட்ரலுக்கு ஓடும் ஷட்டில் தெப்ராவ் ரயிலையும் எண்ணிப் பாருங்கள். ஓடும் நேரம் ஐந்து நிமிடம், போகும்போது இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும். சீட்டு கிடைப்பதுதான் கடினம்.

கேட்டவர்

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று போய்த் திரும்பிவிட்டோம் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

குறுஞ்செய்திக் குழு ஓட்டுநரிடம் வர இயலாது என்று அன்றே சொல்லிவிட்டேன். முன்பணம் திரும்பவில்லை, அதை நான் வற்புறுத்தவும் இல்லை. அலுவலகத்தில் இரண்டு நாள் விடுப்பு எடுத்து, 10-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உரிமம் பெற்ற டாக்சியில் புறப்பட்டோம். உட்லண்ட்ஸில் குழுக் குறியீட்டைக் காட்டியதும் திரையில் நான்கு பேர் என்று எண்ணிக்கை வந்தது, சில நிமிடங்களில் பாலத்தின் மேல் இருந்தோம். மலேசிய முகப்பில் ஓட்டுநர் ஐயாவிடம் முன்பே சொல்லி வைத்திருந்ததால், அவரே வண்டியை நகர்த்தாமல் கடப்பிதழ்களை என்னிடம் நீட்டி "பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். நான்கிலும் முத்திரை இருந்தது. லார்கினில் இறங்கி உள்ளூர்க் காரில் கோயிலுக்குச் சென்றோம். சுவரிலும் தூணிலும் கூரையிலும் பதித்த கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே அம்மா ஒரு மணி நேரம் அமர்ந்தே இருந்தார்.

11-ஆம் தேதி பிற்பகல் திரும்பும்போது, பின்பெட்டியைத் திறக்கச் சொன்ன சுங்க அலுவலர் எங்கள் முறுக்குப் பைகளைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். 48 மணி நேரத்துக்குள் திரும்புவோருக்கு 100 வெள்ளி வரைதான் பொருள் சேவை வரி விலக்கு, எங்களைப் போல வேலை அனுமதியிலும் டிபென்டன்ட் பாஸிலும் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை என்பதையும், மலேசியாவிலிருந்து வருவோருக்கு மதுவுக்கும் சிகரெட்டுக்கும் விலக்கே இல்லை என்பதையும் ஓட்டுநர் ஐயா வழியிலேயே சொல்லியிருந்தார்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். அம்மாவுக்குப் புதிய இ-பாஸ் மின்னஞ்சல் இன்னும் வரவில்லை. காத்திருக்கலாமா?

மறுமொழி 1 (உட்லண்ட்ஸில் வசிப்பவர்)

வருகை அட்டையில் எந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தீர்களோ அதற்குத்தான் வரும். எழுத்துப் பிழை இருக்கலாம். காத்திருக்காமல், ஐசிஏ இணையத்தளத்தில் உள்ள இ-பாஸ் தேடல் பக்கத்தில் கடப்பிதழ் விவரங்களைக் கொடுத்து இன்றே பாருங்கள். 25-ஆம் தேதிக்கு முன்னால் முடிகிறதா என்பது முக்கியம்.

கேட்டவர்

பார்த்துவிட்டேன், அக்கா. முகவரியில் ஓர் எழுத்தை நான்தான் விட்டிருக்கிறேன். 30 நாள் கொடுத்திருக்கிறார்கள். அச்செடுத்து அம்மாவின் கடப்பிதழுக்குள் வைத்துவிட்டேன்.