டிசம்பரில் கிளைடர் ஏறுமா? சியரா நெவாடா குறித்து ஒரு விவாதம்

பருந்து:
குளிர்காலத்தில், இயந்திரமில்லாத விமானமான கிளைடரைக் கொட்டகையில் பூட்டி வைப்பதே நல்லது என்பது என் கருத்து. வெயில் தரையைச் சுட்டால்தான், கிளைடரைத் தூக்கும் தெர்மல் என்ற மேலெழும் வெப்பக்காற்று கிளம்பும். கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலைத்தொடருக்குக் கிழக்கே உள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்கில், டிசம்பர் பிற்பகுதியில், உச்சிவேளையிலும் சூரியன் ஏறத்தாழ 30 பாகை உயரத்தையே எட்டுகிறது. இரவில் அங்கே தேங்கிய குளிர்காற்றின் மேல் வெப்பக்காற்று மூடிபோட்டதுபோல் படிந்திருக்க, அதைக் கலைக்கும் அளவுக்குத் தரை சூடேறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது.

மேல்காற்று:
தெர்மலைப் பொறுத்தவரை தாங்கள் சொல்வது சரி. ஆனால் ஏற்றம் தருவது தெர்மல் மட்டும்தானா? பசிபிக்கிலிருந்து வரும் மேல்காற்று சியரா முகட்டை ஏறத்தாழச் செங்குத்தாகக் கடந்து, சரிந்து, மீண்டும் எழும்போது மலையலை பிறக்கிறது. அதற்கு நிலையான காற்றடுக்கும், உயரம் கூடக்கூட வலுக்கும் காற்றும் வேண்டும். இரண்டையும் குளிர்காலமே தாராளமாகத் தருகிறது. கிளைடர் விமானி பால் பைக்கிள் இந்த அலையில் 14,102 மீட்டர் ஏறியது 1961 பிப்ரவரி 25 அன்று. அவருடைய கிளைடரில் காற்றழுத்தம் காக்கும் அறைகூடக் கிடையாது.

பருந்து:
அலைக்கு வேண்டிய நிலையான அடுக்கு முகட்டு உயரத்தில் இருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் தேங்கும் குளிர்காற்று வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். மேலும், அலைக்கு அடியில் கொந்தளித்துச் சுழலும் காற்றான ரோட்டாரைத் தாங்கள் குறிப்பிடவே இல்லை. 1955 ஏப்ரலில் விமானி லாரி எட்கரின் கிளைடர் அதே பள்ளத்தாக்கின் ரோட்டாரில் சிக்கி நடுவானில் உடைந்தது. பாராசூட்டால்தான் அவர் பிழைத்தார்.

மேல்காற்று:
ஏற்கிறேன், ரோட்டார் முரட்டுத்தனமானது. ஈரம் இருந்தால் கிழிந்த பஞ்சுபோன்ற மேகமாக அது தன்னைக் காட்டிக்கொள்ளும். வறண்ட நாளில் அதுவும் இல்லை. ஆனால் அதைக் கடந்து அலைக்குள் நுழைந்ததும் குலுக்கல் சட்டென நின்று, ஏறும் வேகத்தைக் காட்டும் ஏற்றமானியின் முள் சீரான ஏற்றத்தில் அசையாமல் நிற்கும். மேலே லென்ஸ் வடிவ மேகம், காற்று எவ்வளவு விரைந்தாலும் நகராமல் நிற்கும்: முன்விளிம்பில் ஈரம் மேகமாகிறது, பின்விளிம்பில் கரைகிறது. தென் அர்ஜென்டினாவிலும் குளிர்காலத்தின் கடைசியில்தான், 2018 செப்டம்பர் 2 அன்று, பெர்லான் 2 கிளைடர் 22 கிலோமீட்டருக்கும் மேலே சென்றது.

பருந்து:
பெர்லான் அழுத்த அறை கொண்டது. வார இறுதியில் பறப்பவரிடம் இருப்பது ஆக்சிஜன் முகமூடியும் இரட்டைக் காலுறையும்தான். மூச்சின் ஈரம் கண்ணாடிக்கூண்டின் உட்புறத்தில் உறைபனியாகப் படிந்தால், தாங்கள் புகழும் அந்த மேகத்தையே அவரால் பார்க்க முடியாது.

மேல்காற்று:
அதற்காகத்தான் பக்கச் சாளரத்தைச் சற்றே திறந்து வைக்கிறோம். குளிர் உள்ளே வரும், உண்மைதான். குளிரைவிட நான் அஞ்சுவது அந்தியை: சியரா மேற்கே இருப்பதால் அதன் நிழல் பள்ளத்தாக்கில் சீக்கிரமே விழுந்துவிடுகிறது. மேலே இறக்கையில் வெயில் மின்னிக்கொண்டிருக்கும்போதே கீழே ஓடுதளம் மங்கத் தொடங்கியிருக்கும்.